‘கெமிக்கல் இல்லை’ என்பது ஒரு தகுதியல்ல

சோப்பு, ஷாம்பூ, முகத்துக்கு கிரீம் என்று எதை வாங்கப் போனாலும் இன்று முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: “இதுல கெமிக்கல் இல்லையே?” இல்லை என்று பதில் வந்துவிட்டால் மறுபேச்சில்லாமல் பணம் கைமாறுகிறது. குப்பைமேனி சோப்பு, ஆவாரம்பூ பொடி, கழுதைப்பால் சோப்பு, செஞ்சந்தன ஃபேஸ் பேக் என்று இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நடக்கும் வியாபாரத்துக்கு இந்த ஒரு பதில்தான் மூலதனம். பெரிய நிறுவனங்களும் நாடி பிடித்துவிட்டன. அட்டையில் ஒரு பச்சை இலையை வரைந்து, பக்கத்தில் ‘பாராபென் இல்லாதது’ என்று அச்சடித்தால் விலையைக் கூட்டிக்கொள்ளலாம். மண்ணில் விளைந்தது தோலுக்கு நல்லது, ஆய்வகத்தில் செய்தது கெடுதல் என்பதைப் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது.

இந்தக் கருத்து தவறு. வெறும் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். இது தீங்கும் செய்கிறது. நம் ஊர் முகங்களை உண்மையில் பாழாக்கிவரும் பொருட்களில் முதலிடம் ஸ்டீராய்டு கலந்த களிம்புக்கும் பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீமுக்கும்தான். ‘கெமிக்கல் இல்லையே?’ என்ற கேள்வியில் இவை இரண்டுமே சிக்குவதில்லை. முதலாவது, மருந்துக்கடையில் கொடுத்தது என்ற நம்பிக்கையில் வீட்டுக்குள் வருகிறது. இரண்டாவது, பல சமயம் மூலிகை என்ற பெயரிலேயே வருகிறது. வேறெங்கோ தொலைத்ததைத் தெரு விளக்கின் கீழே தேடுவதுபோல, ஆபத்தே இல்லாத இடத்தில் நாம் கவனத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

இயற்கை சாது என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்குவோம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் தோல் கருகி உரிந்திருக்கும். முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் சேங்கொட்டை. சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறி போட அதன் சாற்றைப் பயன்படுத்தினார்கள். அந்தக் குறி பட்ட இடத்தில் துணி உடுத்தியவரின் தோல் கொப்பளித்த கதை தோல் மருத்துவ நூல்களில் ஏறியிருக்கிறது. மாமரமும் அதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் புண்ணாகாத பிள்ளைகள் நம் ஊரில் குறைவு. எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்று கிராமத்துக்காரர் யாரையும் கேட்கலாம். இவை எல்லாமே நூற்றுக்கு நூறு இயற்கை.

சமையலறைக்குள் வருவோம். முகம் வெளுக்க எலுமிச்சைச் சாறு பூசச் சொல்லாத யூடியூப் சேனல் இல்லை. நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது; அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாற்றின் அளவு 2-ஐ ஒட்டியது. அந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிக்கும் என்பதால், தோல் பழகிய அமிலத்தைப் போல ஆயிரம் மடங்கு கடுமையான ஒன்றை முகத்தில் தேய்க்கிறோம். அத்தோடு முடியவில்லை. எலுமிச்சை வகைப் பழங்களில், குறிப்பாகத் தோலில், ஃபியூரனோகூமரின் என்ற பொருள் உண்டு. அது பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் வெந்து, பிறகு மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டு விழும். கருமை போக வேண்டும் என்று பூசியதே கருமைக்குக் காரணமாகிறது. நம் வெயிலில் இதை அறிவுரையாகச் சொல்கிறவர்கள் என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொல்கிறார்களா?

மருதாணி விஷயம் இதைவிட வருத்தமானது. இலையை அரைத்து வைத்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செம்மஞ்சளாகத் தொடங்கி மறுநாள் கருஞ்சிவப்பாக ஏறும். லாசோன் என்ற நிறமியின் இயல்பு அது. அரை மணியில் கன்னங்கரேலென்று பிடிக்கும் ‘கருப்பு மருதாணி’ கோனில் வேலை செய்வது பெரும்பாலும் மருதாணி இலையல்ல, தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பாரா ஃபினைலீன் டையமின். முடிச்சாயத்தில் அளவோடு அனுமதிக்கப்படும் அந்தப் பொருளைத் தோலில் நேரடியாகப் பூச அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடையாது. கல்யாண வீட்டில் குழந்தையின் கையில் போட்ட கோலம் அப்படியே கொப்புளமாக எழும்பி நிற்பதைத் தோல் மருத்துவர்கள் பார்த்துவருகிறார்கள். ஒருமுறை உடல் அந்தப் பொருளை ஒவ்வாததாகக் குறித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க மறக்காது. பின்னாளில் நரைக்குச் சாயம் பூசும்போதும் முகம் வீங்கும். மருதாணிதானே, இயற்கைதானே என்று கையை நீட்டியவர்களுக்கு நேர்வது இது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சி-யும் தொழிற்சாலையில் செய்த வைட்டமின் சி-யும் அணு அணுவாக ஒன்றே. இன்று சீரம்களில் பெயர்பெற்ற நியாசினமைடு, நிலக்கடலையிலும் மீனிலும் கிடைக்கும் பி3 வைட்டமினின் ஒரு வடிவம். பருவுக்குக் கொடுக்கப்படும் அசெலாயிக் அமிலம் கோதுமையிலும் பார்லியிலும் இருப்பது. மறுபக்கம், பாதரசம் மண்ணிலிருந்து தோண்டி எடுப்பது. சாதிலிங்கம் அதன் தாது. ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதைத் தோல் விசாரிப்பதில்லை. எது, எவ்வளவு, எத்தனை நாள், எந்தத் தோலில் என்ற நான்குதான் விளைவைத் தீர்மானிக்கின்றன.

‘பாராபென் இல்லாதது’ என்ற வாசகத்தின் பின்கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தண்ணீர் கலந்த எந்தக் கிரீமிலும் நாளடைவில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அதைத் தடுக்க ஒரு பதப்படுத்தி தேவை. பல பத்தாண்டுகளாக அந்த வேலையைச் செய்துவந்தவை பாராபென்கள். 2004-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப்பா டார்பர் குழுவினர், மார்பகக் கட்டிகளின் 20 மாதிரிகளைச் சோதித்ததில் பாராபென் காணப்பட்டதாக ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான திசுவோடு ஒப்பீடு அதில் இல்லை. பாராபென்தான் புற்றுநோயை உண்டாக்கியது என்று தாங்கள் எங்குமே சொல்லவில்லை என ஆய்வாளர்களே பின்னர் எழுதினார்கள். ஆனால் ‘கிரீமில் புற்றுநோய்’ என்ற செய்தி உலகம் சுற்றிவிட்டது. நிறுவனங்கள் பாராபெனைக் கைவிட்டு வேறு பதப்படுத்திகளுக்கு ஓடின. அவற்றில் ஒன்று மெத்தில் ஐசோதயசோலினோன். சில ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் அதனால் தோல் ஒவ்வாமை பெருகியது. அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2013-இல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பூசிவிட்டுக் கழுவாமல் விடும் கிரீம்களில் அதைச் சேர்க்க 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. பாராபெனுக்கோ, அதே சங்கம் 2019-இல் ஆண்டின் ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்று பட்டம் கொடுத்தது. பாராபென் எல்லாமே குற்றமற்றவை என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் அவற்றில் ஐந்து வகைகளை நீக்கியது, மெத்தில், எத்தில் வகைகளை வரம்போடு அனுமதித்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடை போடும் இந்தப் பொறுமைதான் தேவை. பயம் எடை போடாது. ஒன்றைத் துரத்திவிட்டு அதைவிட மோசமானதை உள்ளே விடும்.

‘பதப்படுத்தி சேர்க்காத வீட்டுத் தயாரிப்பு’ என்று விற்கப்படும் கற்றாழை ஜெல்லைப் பற்றி இனி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்பெட்டியில் வைத்து இரண்டொரு நாளில் தீர்க்கிறீர்கள் என்றால் சரி. கூரியரில் நாலு நாள் வெயிலில் பயணப்பட்டு வந்த டப்பாவுக்குள் விரலைவிட்டு எடுத்து, வெடித்த பருவின் மேல் பூசாதீர்கள்.

இப்போது உண்மையான கொள்ளைக்கு வருவோம். மருந்துக்கடை வாசலில் இந்தப் பேச்சைக் கேட்காத ஊர் இருக்காது.

“அண்ணே, முகமெல்லாம் மங்கு மாதிரி விழுது. ஏதாச்சும் நல்ல கிரீமா குடுங்க.”

“இதப் போடும்மா. நைட்டு மட்டும். பத்தே நாள்ல பளிச்சுன்னு ஆயிரும்.”

பளிச்சென்று ஆகவும் செய்யும். கடைக்காரர் கொடுத்த டியூப் பெரும்பாலும் மூன்று மருந்துகளின் கூட்டு: நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கும் ட்ரெட்டினாயின், கூடவே மொமெட்டசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு. 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் வெளியிட்ட ஒரு கலவையின் வழிவந்தது இது. மங்குக்கு, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்கள் பூசினால் பயனுள்ள மருந்து. நம் ஊரில் இதை வருடக்கணக்கில் பவுடர் போலப் பூசுகிறார்கள். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழற்சியை அடக்கும், நிறத்தை வெளுக்கும். முதல் வாரத்தில் அக்கம்பக்கத்தார் ‘என்ன போடுற?’ என்று விசாரிக்கிறார்கள். டியூபின் பெயர் தெரு முழுக்கப் பரவுகிறது. சில மாதங்களில் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நூல்போல ரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். கொத்துக் கொத்தாகப் பரு வரும். பெண்களுக்கு முகத்தில் முடி முளைக்கும். பயந்துபோய் நிறுத்தினால் முகம் தீப்பட்டதுபோல எரிந்து சிவக்கும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதே டியூபை எடுப்பார்கள். குடிக்கு அடிமையானவரின் நிலைதான் அது, ஆனால் யாரும் அப்படி அடையாளம் காண்பதில்லை.

இந்த நிலைக்குக் கொல்கத்தாவின் கௌசிக் லாஹிரியும் சக மருத்துவரும் 2008-இல் ‘ஸ்டீராய்டால் சிதைந்த முகம்’ என்ற பொருளில் ஒரு பெயரையே சூட்ட வேண்டியிருந்தது. நாட்டின் பல மருத்துவ மையங்கள் சேர்ந்து நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், முகத்தோல் சிக்கலோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர். பக்கத்து வீட்டுக்காரர், பியூட்டி பார்லர், மருந்துக்கடை. தோல் மருத்துவர் சங்கம் போராடியதன் விளைவாக 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. விதி இருக்கிறது. கேட்டால் கொடுக்கும் கடைகளும் அப்படியே இருக்கின்றன.

படர்தாமரைக்கும் இதே கதி. தொடை இடுக்கில் வட்டமாக அரிப்பு வந்ததும் கடையில் வாங்கும் களிம்பில் பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி, வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் இருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை அன்றே நிறுத்திவிடும், தோலின் எதிர்ப்பையும் சேர்த்தே நிறுத்திவிடும். பூஞ்சை நிம்மதியாகப் பரவும். இரண்டு வாரத்தில் தீர வேண்டியது இப்போது மாதக்கணக்கில் தீராமல் குடும்பம் முழுக்கத் தொற்றுவதற்கு இந்தக் களிம்புகள் முக்கியக் காரணம். குழந்தையின் கன்னத்தில் வெளிறிய தேமல் தெரிந்தால், பெரும்பாலும் சாதாரண மாய்ஸ்சரைசர் போதும் என்ற இடத்திலும் இதையே தடவுகிறார்கள். இதில் எந்தக் கட்டத்திலாவது ‘கெமிக்கல் இல்லையே?’ என்ற கேள்வி யாரையாவது காப்பாற்றியதா?

பாதரசத்துக்கு வருகிறேன். தோலில் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால் நிறம் வெளுக்கும். கூடவே தோல் வழியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒரு வினோதத்தைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் கசியும் ‘மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி’ என்ற நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு, பொதுவாக அரிதாகவே காணப்படும் நெல்-1 வகை இருந்தது. துருவித் துருவி விசாரித்ததில் அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசுகிறவர்கள். ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் அது வெளியானது. வெள்ளையாக வேண்டும் என்று கிரீம் வாங்கியவர்கள் சிறுநீரக வார்டில் படுத்திருந்தார்கள்.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் பாதரசம் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. கண் பகுதிக்கானவை தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாதரசம் கலந்த அழகுசாதனப் பொருட்களை 2025-க்குள் முழுமையாக ஒழிப்பது என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்தன. இருந்தும் ‘கடத்தல் சரக்கு, ஒரிஜினல்’ என்ற கிசுகிசுப்போடு பார்லர்களிலும் பஜார்களிலும் அது கிடைக்கிறது. அந்தப் பொருளுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன்: ‘தங்க, வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்’ என்று அட்டையில் எச்சரிக்கை இருந்தால் அதைத் தொடாதீர்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் அந்த எச்சரிக்கை. ‘கேலோமெல்’, ‘மெர்க்குரிக்’, ‘மெர்க்குரஸ்’ என்று எழுதியிருந்தாலும் அதே பாதரசம்தான்.

இங்கே இரண்டு எதிர்க்கேள்விகள் வரும். பாட்டி காலத்தில் இதெல்லாம் இல்லாமலா தோல் நன்றாக இருந்தது என்பது ஒன்று. பாட்டியின் பாசிப்பயறு மாவோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. கடுமையான சோப்பைவிட அது பலருக்கு நல்லது. வறண்ட காலுக்குத் தேங்காயெண்ணெய் அருமையான மருந்து. அதையே பரு வரும் முகத்தில் தடவினால் துளைகள் அடைத்துக்கொள்ளும். பாட்டி அன்று அரைத்ததை அன்றே பூசினார். இரண்டு வருடம் அலமாரியில் கெடாமல் இருக்கும் ‘பாட்டி வைத்தியம்’ பாட்டியுடையது அல்ல, ஒரு கம்பெனியுடையது. அதை மற்ற கம்பெனிச் சரக்கை நிறுப்பதுபோலவே நிறுக்க வேண்டும்.

நிறுவனங்கள் பொய் சொல்கின்றனவே, எப்படி நம்புவது என்பது மற்றொன்று. சொல்கின்றன, மறுக்கவில்லை. ‘பர்ஃப்யூம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் டஜன் கணக்கில் வாசனைப் பொருட்களை ஒளித்துவைக்கிறார்கள். அவற்றில் ஒவ்வாமை தரும் 26-ஐத் தனியே பெயர் சொல்லும்படி ஐரோப்பா கட்டாயப்படுத்தியது, 2023-இல் அந்தப் பட்டியலை இன்னும் நீட்டியது. அந்தப் பட்டியலில் இருக்கும் லிமோனீனும் லினலூலும் ‘இயற்கை நறுமண எண்ணெய்’ என்று விற்கப்படும் எண்ணெய்களிலேயே ஏராளம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம்பிக்கையில்லை என்றால் அட்டையின் முன்பக்கத்தைத்தான் நம்பக் கூடாது. பின்பக்கத்தைப் படிக்க வேண்டும்.

பின்பக்கம் நிறையப் பேசும். பொருட்கள் எடை வரிசையில் இறங்கும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தியை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். எனவே முன்பக்கத்தில் பெரிய படமாக இருக்கும் கற்றாழை, பின்பக்கத்தில் அந்தப் பெயருக்குப் பிறகு வந்தால், நீங்கள் காசு கொடுத்த கற்றாழை ஒரு சதவீதம்கூட இல்லை. உற்பத்தி உரிம எண், தொகுப்பு எண், தயாரித்தவர் முகவரி, காலாவதித் தேதி, இவற்றில் ஒன்று குறைந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். மருந்து டியூபாக இருந்தால் இடப்பக்கம் சிவப்புக் கோடும் ‘ஆர்எக்ஸ்’ குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து. பெயர் ‘சோன்’ என்று முடிந்தால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் போல, அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. கிளோபெட்டசால் அவை எல்லாவற்றையும்விட வீரியமானது. எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்துச் சொல்லிவிடும் அளவுக்கு எளிய விஷயங்கள் இவை.

ஆனால் அரசு ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. 30 கிராமுக்குக் குறைவான கிரீமுக்கும் 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும் உட்பொருள் பட்டியல் கட்டாயமில்லை என்று விதியிலேயே விலக்கு உண்டு. ஏழை வாங்குவது எது? பத்து ரூபாய் சாஷே, சின்ன டியூப். பெரிய பாட்டில் வாங்க வசதியுள்ளவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். இல்லாதவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பதா? இந்த விலக்கை நீக்க வேண்டும். பட்டியலைத் தமிழிலும் அச்சடிக்க வேண்டும். ‘கெமிக்கலுக்கு எதிராக’ எழும் இத்தனை குரல்களில் பாதி இந்த ஒரு கோரிக்கைக்காக எழுந்தால் போதும்.

அதுவரை, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத எதையும், மூலிகை என்றாலும் வெளிநாட்டுச் சரக்கு என்றாலும், முகத்தில் பூசாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு டியூப் பூசிவருகிறவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் தாங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்; எரிச்சல் கிளம்பி, மீண்டும் அதையே எடுக்க வைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த டியூபையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.